ஒரே கப்பலுக்கு மூன்று டன்: நிலக்கரி இழையிலிருந்து பிரிக்கப்பட்ட விவாதம்

மட்டுறுத்துநர்

எண்ணூருக்கு வந்த நிலக்கரிக் கப்பல் பற்றிய இழையில், அந்தக் கப்பல் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு ஒருவர் 76,000 டன் என்றும், மற்றொருவர் 39,000 டன் என்றும், மூன்றாமவர் 70,000 டன் என்றும் எழுதினார்கள். மூவரும் தத்தம் எண்ணே சரி என்று சாதித்து, கடைசியில் ஒருவர் படிப்பை மற்றவர் பழிக்கும் நிலைக்குப் போய்விட்டது. நிலக்கரித் தூசு பற்றிய மூலக் கேள்வி அந்த இழையிலேயே தொடரட்டும். 'டன்' என்ற சொல்லுக்கு உரிய பொருள் என்ன என்ற சண்டையை மட்டும் இங்கே நகர்த்தியிருக்கிறேன். தனிநபர்ப் பழிச்சொற்களை நீக்கிவிட்டேன்; கணக்குகளை நீக்கவில்லை.

பெரம்பூர் ஆசிரியர்

இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். டன் என்பது 1,000 கிலோகிராம். அது நிறைக்கு உரிய அலகு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஒரு பொருள் ஒரே நேரத்தில் 76,000 டன்னாகவும் 39,000 டன்னாகவும் இருக்க முடியாது என்பதால், மூவரில் குறைந்தது இருவராவது தவறாக எழுதியிருக்கிறார்கள்.

இதை நான் வெறும் பிடிவாதத்தால் சொல்லவில்லை. 1956-இல் எடை அளவைகளைத் தரப்படுத்தும் சட்டம் வருவதற்கு முன்பு நம் நாட்டில் மணங்கு என்று ஓர் அளவு இருந்தது. சென்னை மணங்கு ஏறக்குறைய 25 பவுண்டு. வங்காள மணங்கோ 82 பவுண்டுக்கும் மேல். சொல் ஒன்று, சரக்கு மூன்று மடங்குக்கும் மேல் வேறு என்றால், அந்த இடைவெளியில் லாபம் பார்ப்பவன் வியாபாரியாகவும், இழப்பவன் எழுதப் படிக்கத் தெரியாதவனாகவும் இருப்பான். அந்தக் குழப்பத்தை ஒழிப்பதற்காகத்தான் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு வந்தோம். ஆளுக்கொரு டன் வைத்துக்கொள்வது மணங்குக் காலத்துக்கே திரும்பிப் போவதாகும்.

தம்புச்செட்டித் தெரு எழுத்தர்

ஐயா, வணக்கம். உங்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த மூவரும் எழுதியது சரிதான். கப்பல் முகவர் அலுவலகத்தில் தாள்களோடு வாழ்பவன் என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

76,000 என்பது டெட்வெயிட். அதாவது, அந்தக் கப்பல் அனுமதிக்கப்பட்ட ஆழம் வரை மூழ்கும்போது தன்மீது ஏற்றிக்கொள்ளக்கூடிய மொத்த எடை. சரக்கு, எரிபொருள், குடிநீர், கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் பாலஸ்ட் நீர், உணவுப் பொருள், மாலுமிகள், அவர்களுடைய பெட்டி படுக்கை எல்லாம் இதில் அடங்கும். கப்பலின் சொந்த எடை இதில் சேராது. 70,000 என்பது இந்தப் பயணத்தில் உண்மையாகவே இறங்கிய நிலக்கரி. டெட்வெயிட் முழுவதையும் சரக்காக ஏற்ற முடியாது. எரிபொருளுக்கும் நீருக்கும் இடம் விட வேண்டும், இறக்கும் துறைமுகத்தின் ஆழத்தையும் பார்க்க வேண்டும்.

39,000 என்பதுதான் ஐயாவுக்குக் கோபம் வரவழைக்கும் எண். அது கிராஸ் டன்னேஜ். அது எடையே அல்ல. கப்பலுக்குள் அடைக்கப்பட்ட இடங்கள் அனைத்தின் பருமனையும் கன மீட்டரில் அளந்து, ஒரு சூத்திரத்தின் வழியாகப் பெறும் எண் அது. 1969-ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்டு 1982-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச டன்னேஜ் அளவீட்டு உடன்படிக்கை அந்தச் சூத்திரத்தைத் தருகிறது. பருமனின் பத்தடிமான மடக்கையை (log) 0.02 ஆல் பெருக்கி, 0.2 கூட்டி, வரும் எண்ணால் பருமனைப் பெருக்க வேண்டும். 1,30,000 கன மீட்டர் உள்ள கப்பலுக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 39,300 வரும். துறைமுகக் கட்டணம், மாலுமிகளின் எண்ணிக்கை பற்றிய விதிகள், பாதுகாப்பு விதிகள் எனப் பலவும் இந்த எண்ணைப் பற்றித்தான் நிற்கின்றன. அதற்கு முன்பு இருந்த ரெஜிஸ்டர் டன் என்பது 100 கன அடி. அதுவும் இடத்தின் அளவே.

ஆகவே ஒரே கப்பலுக்கு மூன்று எண்கள் இருப்பது குழப்பம் அல்ல. ஏற்றக்கூடியது எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு, உள்ளே இடம் எவ்வளவு என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான்காவதாக டிஸ்பிளேஸ்மென்ட் ஒன்றும் உண்டு. அதை யாரும் இன்னும் இழுக்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல்.

எண்ணூர் கரை

இழுத்துவிடுகிறேன், அண்ணன் மன்னிக்க வேண்டும். நான்காவது டன் இல்லாமல், இறங்கிய சரக்கின் டன்னைப் பல நேரங்களில் அளக்கவே முடியாது.

70,000 டன் நிலக்கரி இறங்கியது என்று எழுதுகிறோமே, அதை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா? பல நேரங்களில் கப்பலேதான் தராசு. டிராஃப்ட் சர்வே என்று பெயர். கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும், இரண்டு பக்கங்களிலும், உடலில் எழுதப்பட்டிருக்கும் ஆழக் குறிகளைப் படிக்க வேண்டும். அலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்போது சிறு படகிலிருந்து அந்தக் குறியைப் படிப்பதே ஒரு கலை. பிறகு கப்பலின் அட்டவணையைப் பார்த்தால், அந்த ஆழத்தில் கப்பல் எவ்வளவு நீரை விலக்கி நிற்கிறது என்று தெரியும். விலக்கிய நீரின் எடைதான் கப்பலின் மொத்த எடை, ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். அதுவே டிஸ்பிளேஸ்மென்ட். இறக்குவதற்கு முன் ஒரு முறை, இறக்கிய பின் ஒரு முறை அளந்து, இடையில் மாறிய பாலஸ்ட் நீரையும் எரிபொருளையும் சரிசெய்து, வித்தியாசத்தைச் சரக்கு என்று எழுதுகிறார்கள்.

இதில் உப்பு ஒரு பெரிய ஆள். அட்டவணை ஒரு கன மீட்டருக்கு 1.025 டன் என்ற கடல்நீர் அடர்த்திக்குப் போடப்பட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் கலக்கும் துறைமுகத்தில் அது 1.020 ஆக இருந்து, நீங்கள் நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டரைப் போட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டால், 87,000 டன் டிஸ்பிளேஸ்மென்ட் உள்ள கப்பலில் ஏறக்குறைய 420 டன் பிழையாகிவிடும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் அரை சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்வது. 70,000 டன்னில் அரை சதவீதம் 350 டன்.

இன்னொன்று ஈரம். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் நம் ஊருக்கு வரும் நிலக்கரி வழியில் மழையில் நனைகிறது. ஏற்றும்போது பத்து சதவீத ஈரத்தோடு 70,000 டன் இருந்தால், அதில் ஈரமில்லாத கரி 63,000 டன். அதே கரி பன்னிரண்டு சதவீத ஈரத்தோடு வந்து சேர்ந்தால் எடை 71,590 டன். ஒரு கட்டிகூடக் கூடாமல் 1,590 டன் கூடிவிட்டது. அது முழுக்கத் தண்ணீர். ஐயா சொல்வது போல டன் என்றால் 1,000 கிலோகிராம் என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் அது ஈரத்தோடு எடுத்த 1,000 கிலோவா, உலர்த்தி எடுத்த 1,000 கிலோவா என்று சொல்லாதவரை, பணம் கொடுப்பவனுக்கு அந்தத் துல்லியத்தால் பயன் இல்லை.

கொருக்குப்பேட்டை வாசகர்

நீங்கள் அனைவரும் அறிவாளிகள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், ராயபுரத்தில் துவைத்துக் காயப்போட்ட வேட்டி கறுத்துப் போனவர்களுக்கு எந்த டன் என்ற ஆராய்ச்சி தேவைப்படவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-இல் அது நின்றது. இப்போது எண்ணூர்க்காரர்கள் அதைச் சுவாசிக்கிறார்கள். சாதாரண மனிதனுக்குக் கப்பல் பெரியது என்று தெரிந்தால் போதும். சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது, தூசைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு நல்ல வழி.

எண்ணூர் கரை

தூசைச் சுவாசிப்பவர்களில் நானும் ஒருவன், ஆகவே இதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் முப்பது முதல் நாற்பத்தைந்து சதவீதம் வரை சாம்பல் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் கரியில் பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. இரண்டுமே டன் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. முப்பத்தைந்து சதவீதச் சாம்பல் உள்ள 70,000 டன் எரிந்தால், 24,500 டன் சாம்பல் மிஞ்சும். பத்து சதவீதம் உள்ள கரி என்றால் 7,000 டன். சாம்பல் எங்கே போகும் என்று கேட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நிற்பவர், கப்பலின் டெட்வெயிட்டை எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால், எதிரில் இருப்பவர் அந்த ஒரு பிழையைக் காட்டியே அவரை உட்கார வைத்துவிடுவார். எந்த டன் என்று தெரிந்து வைத்திருப்பது தூசைப் பற்றிப் பேசுவதற்குத்தான் தேவை.

காசிமேடு ஐஸ்

கப்பலை விட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். பனிக்கட்டி ஆலையில் இரண்டு டன்கள் ஒரே அறையில் இருக்கின்றன.

எங்கள் துறைமுகத்தில் '20 டன் பிளான்ட்' என்று சொன்னால், ஒரு நாளைக்கு இருபது டன் பனிக்கட்டி எடுக்கக்கூடிய ஆலை என்று பொருள். படகுக்கு ஐஸ் ஏற்றுபவன் இந்த டன்னைத்தான் கேட்பான். ஆனால் குளிரூட்டும் இயந்திரம் விற்க வருபவர் சொல்லும் டன் வேறு. ஏசியில் ஒன்றரை டன் என்கிறார்களே, அந்த டன். ஒரு சிறு ஆலையில், 20 டன் பனிக்கட்டிக்கு 20 டன் கம்ப்ரஸர் போதும் என்று ஒரு மெக்கானிக் மனதார நம்பிச் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானே என்று முதலாளியும் தலையாட்டினார். அது ஏன் போதாது என்று எனக்கு அனுபவத்தில் தெரியும், கணக்கில் சொல்லத் தெரியாது. ஆசிரியர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரம்பூர் ஆசிரியர்

மகிழ்ச்சியோடு சொல்கிறேன், ஏனென்றால் இது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

குளிரூட்டலில் சொல்லப்படும் டன் என்பது, பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு டன் பனிக்கட்டியை இருபத்து நான்கு மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தின் வீதம். அந்த ஒரு டன்கூட நம்முடைய 1,000 கிலோ அல்ல; அமெரிக்கர்களின் 2,000 பவுண்டு டன், அதாவது 907 கிலோ. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் தேவை. பெருக்கி ஒரு நாளின் வினாடிகளால் வகுத்தால் ஏறக்குறைய 3.5 கிலோவாட் கிடைக்கும். ஒன்றரை டன் ஏசி என்றால் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன் என்று பொருள். அது மின்சாரம் இழுக்கும் அளவு அல்ல. இழுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கலாம். இதைத் தெரியாமல் மின்கட்டணத்தைக் கணக்கிட்டு அஞ்சுபவர்களும் உண்டு.

இப்போது உங்கள் ஆலை. நீங்கள் பூஜ்யம் டிகிரி நீரை வாங்குவதில்லை. முப்பது டிகிரியில் இருக்கும் சென்னைத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்கு 126 கிலோஜூல், உறைய வைக்க 334, உறைந்ததை மைனஸ் ஐந்துக்குக் கொண்டுபோக மேலும் ஒரு பத்து. மொத்தம் 470. ஒரு நாளில் 1,000 கிலோவுக்கு இதைச் செய்ய 5.44 கிலோவாட் வேண்டும், அது 1.55 குளிரூட்டும் டன். ஆக, இருபது டன் பனிக்கட்டிக்கு இழப்புகள் இல்லாமலே முப்பத்தொரு டன் இயந்திரம் வேண்டும். அந்த முதலாளி தலையாட்டியது ஒரு சொல்லை நம்பித்தான். வாட் என்று எழுதியிருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது.

மணலி கிரேன்

பணம் போகும் கதைகளையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் உயிர் போகும்.

ஐம்பது டன் கிரேன் என்று வாடகைக்கு எடுப்பவர்களில் பாதிப் பேர், அது எங்கே நின்றாலும் எந்தத் தூரத்திலும் ஐம்பது டன் தூக்கும் என்று நினைக்கிறார்கள். அந்த ஐம்பது, பூம் என்ற நீளும் கை சுருங்கியிருக்கும்போது, வண்டி சாயாமல் தாங்கும் அவுட்ரிகர் கால்கள் முழுவதும் விரிந்திருக்கும்போது, கிரேனுக்கு மிக அருகில், மூன்று மீட்டர் போன்ற ஒரு ரேடியஸில், அதாவது கிரேனின் சுழல் மையத்திலிருந்து சுமை தொங்கும் தூரத்தில், மட்டும் கிடைப்பது. பூமை நீட்டி இருபது மீட்டர் தள்ளி வைக்கச் சொன்னால், அதே வண்டி சில டன்கள் மட்டுமே தூக்கும். எவ்வளவு என்பது லோடு சார்ட் என்ற சுமை அட்டவணையில் இருக்கும். அந்தச் சார்ட்டில் உள்ள எண்ணிலிருந்து கொக்கித் தொகுதியான ஹூக் பிளாக்கின் எடை, சுமையைக் கட்டும் ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கிள் வளையம் எல்லாவற்றையும் கழித்தால்தான் சரக்குக்கு மிஞ்சுவது தெரியும்.

ஸ்லிங்கிலும் இதே கதைதான். தலைக்கு ஒரு டன் தாங்கும் இரண்டு ஸ்லிங்குகளைச் செங்குத்தாகப் போட்டால் இரண்டு டன் தூக்கலாம். அவற்றையே அகல விரித்து, கிடைமட்டத்திலிருந்து முப்பது டிகிரிக்குச் சரித்துப் போட்டால் ஒரு டன்தான் தூக்க முடியும். ஸ்லிங்கின் மேல் எழுதியிருப்பது மாறவில்லை. அதன் பொருள் பாதியாகிவிட்டது. எங்கள் இடத்தில் புதிதாக வரும் தம்பிகளிடம், டன்னைக் கேட்காதே, ரேடியஸைக் கேள் என்று சொல்லிக் கொடுப்போம். அதனால் தொழில்நுட்பச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் என்ன என்று இணையத்தில் சண்டை போடுபவர்களைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. அந்தச் சண்டை கிரேன் கிளம்புவதற்கு முன்பு நடக்க வேண்டும்.

வியாசர்பாடி மாணவி

வேதியியல் படிக்கிறேன். 2020 ஆகஸ்டு 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த இரண்டு நாட்களில், மணலியில் உள்ள சரக்குப் பெட்டக நிலையத்திலும், 2015-இல் சுங்கத்துறை கைப்பற்றிய சுமார் 700 டன் அதே பொருள் இருக்கிறது என்ற செய்தி வந்தது. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அது '700 டன் வெடிகுண்டு' ஆகிவிட்டது. ஒருவர் ஹிரோஷிமா பதினைந்து கிலோடன் என்பதோடு ஒப்பிட்டு, ஹிரோஷிமாவில் இருபதில் ஒரு பங்கு நம் தலைக்கு மேல் இருக்கிறது என்று எழுதினார்.

அணுகுண்டுக்குச் சொல்லும் டன், டிஎன்டி என்ற வெடிமருந்தின் ஆற்றலுக்கு ஈடான டன். ஒரு டன்னுக்கு 4.184 கோடி ஜூலின் நூறு மடங்கு என்று வரையறுக்கப்பட்ட ஆற்றல் அளவு. அம்மோனியம் நைட்ரேட்டின் டன் வெறும் எடை. பெய்ரூட்டில் 2,750 டன் எடை வெடித்ததற்கு, ஆய்வாளர்கள் மதிப்பிட்ட ஆற்றல் ஏறக்குறைய 500 முதல் 1,100 டன் டிஎன்டி வரைதான். மணலியில் இருந்ததை அந்த விகிதத்தில் பார்த்தால், குழுவில் சொன்னதைவிட மிகவும் குறைவு.

ஆனால் இதை நான் குழுவில் எழுதியபோது, அப்படியானால் ஆபத்து இல்லை என்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்று நான் சொல்லவே இல்லை. குடியிருப்புகளுக்கு அருகில் ஆண்டுக்கணக்கில் அதை வைத்திருந்தது சரியல்ல. அந்த மாதமே அதை ஹைதராபாத்துக்கு அனுப்பியதும் நல்லது. சொல்லைத் திருத்துபவரை எதிர்க்கட்சியில் சேர்த்துவிடுவது எனக்கு இன்றும் புரியாத பழக்கம்.

இன்னொரு சிறிய செய்தி. ஒரு டன் கரிமம் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு வரும் என்று எழுதியதற்கு, ஒரு டன்னிலிருந்து மூன்றரை டன் எப்படி வரும், உங்கள் கல்லூரியில் கழித்தல் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று கேட்டார் ஒருவர். பன்னிரண்டு பங்கு கரிமத்தோடு காற்றிலிருந்து முப்பத்திரண்டு பங்கு ஆக்சிஜன் சேர்ந்து நாற்பத்து நான்கு ஆகிறது. உமிழ்வு அறிக்கைகளில் சிலர் கரிம டன்னிலும் சிலர் வாயு டன்னிலும் எழுதுவதால், கவனிக்காமல் ஒப்பிட்டால் ஏறக்குறைய நான்கு மடங்கு தவறும்.

ராயபுரம் பழங்கதை

தங்கை வெடிப்பைப் பற்றி எழுதியதும் எனக்கு எம்டன் நினைவுக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல். கெட்டிக்காரனை 'அவன் எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். 3,600 டன் கப்பல் மொத்தம் 70,000 டன் அளவுள்ள கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும் ஆட்டம் காட்டியது என்று எழுதும்போது, இருபது மடங்கு என்று வியப்பதுதான் வழக்கம். இந்த இழையைப் படித்தபின் பார்த்தால், போர்க்கப்பலுக்குச் சொல்லும் டன் டிஸ்பிளேஸ்மென்ட். வணிகக் கப்பல்களுக்குச் சொல்வது 100 கன அடி ரெஜிஸ்டர் டன். ஒன்று எடை, மற்றொன்று இடம். வகுத்திருக்கவே கூடாது. சரக்கு ஏற்றிய கப்பல்களை எடையில் கணக்கிட்டால், வேறுபாடு இன்னும் பெரிதாகவே வரும் என்பதால், எம்டனின் புகழுக்கு இதனால் குறைவில்லை.

மட்டுறுத்துநர்

எம்டனுக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே போய்த் தொடருங்கள்.

பெரம்பூர் ஆசிரியர்

நான் எல்லாவற்றையும் படித்தேன். என் நிலையில் மாற்றம் இல்லை, இன்னும் உறுதியாகியிருக்கிறது. இங்கே எழுதிய ஒவ்வொருவரும், டன் என்ற சொல்லால் ஏற்பட்ட ஒரு கேட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பிறகு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இது விளங்கவில்லை.

எழுத்தர் தம்பி மேற்கோள் காட்டிய 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கையையே எடுத்துக்கொள்வோம். அது கிராஸ் டன்னேஜுக்கு அலகே தரவில்லை. வெறும் எண்ணை எழுதச் சொல்கிறது. 39,300 டன் என்று எழுதுவது அந்த உடன்படிக்கையின்படியே தவறு. கிராஸ் டன்னேஜ் 39,300 என்றுதான் எழுத வேண்டும். ஏசியின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள், குளிரூட்டும் திறன் வாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். வெடிப்புக்கு ஜூல் இருக்கிறது. ஸ்லிங்கில் ஏற்படும் இழுவைக்கு நியூட்டன் இருக்கிறது. அந்தந்தத் துறையின் வல்லுநர்களே, துல்லியம் தேவைப்படும் இடத்தில் டன்னைக் கைவிட்டுவிட்டார்கள். கைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது விற்பனையாளர்களும் செய்தித்தாள்களும்தான்.

தம்புச்செட்டித் தெரு எழுத்தர்

ஐயா உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. அலகு இல்லை. நான் முன்பு எழுதியதிலும் 'எண்' என்றுதான் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சரக்குக் கட்டணத்தில் ஒரு டன் இருக்கிறது. அதற்கு உங்கள் பட்டியலில் மாற்றுச் சொல் கிடையாது. முழுப் பெட்டகம் நிரப்ப முடியாத சிறு ஏற்றுமதியாளர், தம் சரக்கைப் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது, ரெவின்யூ டன் கணக்கில் பணம் கட்டுகிறார். ஒரு டன் எடை அல்லது ஒரு கன மீட்டர் இடம், இரண்டில் எது அதிகமோ அது. பிளாஸ்டிக் குடங்கள் 300 கிலோதான் இருக்கும், ஆனால் நான்கு கன மீட்டர் அடைக்கும். ஆகவே நான்கு டன்னுக்குக் கட்டணம். கிரானைட் ஒரு கன மீட்டர்தான், ஆனால் 2,700 கிலோ, ஆகவே 2.7 டன். இது நிறையும் அல்ல, பருமனும் அல்ல. கப்பல்காரர் இழக்கும் வாய்ப்பின் அளவு. இதற்கு நியூட்டனும் வராது, வாட்டும் வராது. பில்லில் இந்தச் சொல்தான் இருக்கிறது. இதன் பொருள் துல்லியமானது, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டது, நீதிமன்றத்திலும் நிற்கும். துல்லியம் என்பது ஒரு சொல்லுக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் இருப்பதால் வருகிறதா, அல்லது அந்த ஒப்பந்தத்துக்குள் ஒரே பொருள் இருப்பதால் வருகிறதா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம் என்று நினைக்கிறேன்.

2016 ஜூலை முதல், ஏற்றுமதிப் பெட்டகம் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கொடுக்காமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற விதி வந்தது. அதில் உண்மையான எடை மட்டும்தான். பெட்டகத்தின் சொந்த எடையும் சேர்த்து. அந்த இடத்தில் ரெவின்யூ டன்னைப் போட்டு யாராவது நிரப்பிக் கொண்டுவந்தால், நானே அதைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எனவே ஐயா நினைக்கும் அளவுக்கு நான் தாராளவாதி அல்ல.

பெரம்பூர் ஆசிரியர்

ஒப்பந்தத்துக்குள் துல்லியம் என்பது, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் துல்லியம். குடம் செய்பவருக்கு 300 கிலோ சரக்குக்கு நான்கு டன் பில் வரும்போது, அவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். 'கட்டண அளவு 4' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தம்புச்செட்டித் தெரு எழுத்தர்

எதுவும் குறையாது. ஆனால் அப்போது அவர் என்னிடம் வந்து, கட்டண அளவு என்றால் என்ன என்று கேட்பார். நான் இதே விளக்கத்தைத்தான் சொல்வேன்.

மணலி கிரேன்

கேட்டால் நல்லதுதான். கேட்காமல் தூக்குபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆசிரியர் சொல்வது போல நியூட்டனில் எழுதினால், எங்கள் ஆட்கள் ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்த்துத் தவறு செய்வார்கள். சார்ட்டில் டன்னே இருக்கட்டும், பக்கத்தில் ரேடியஸ் இருக்கிறது.

காசிமேடு ஐஸ்

ஐயா, நீங்கள் போட்டுக் கொடுத்த கணக்கை அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். விலைப்பட்டியலை இனி கிலோவாட்டில் கேட்டு வாங்கலாம் என்கிறார். இருபது டன் பனிக்கட்டிக்கு எத்தனை கிலோவாட் என்று எழுதிக் கேட்பது?

பெரம்பூர் ஆசிரியர்

நீரை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 5 டிகிரிப் பனிக்கட்டியாக்க, நாள் ஒன்றுக்கு 20,000 கிலோவுக்கு 109 கிலோவாட் குளிரூட்டும் திறன். இந்த மூன்று எண்களையும் சேர்த்தே எழுதுங்கள். 109 என்று மட்டும் எழுதாதீர்கள். கோடையில் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி இருந்தால் 113 ஆகும். சுவர் வழியாகவும், அச்சுகளைச் சுற்றிக் குளிர்விக்கும் உப்புநீரைக் கலக்கும் மோட்டாராலும், அச்சுகளைத் திறந்து மூடுவதாலும் உள்ளே வரும் வெப்பத்துக்கு இதன்மேல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அது எவ்வளவு என்று உங்கள் தொட்டியின் காப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், ஒரு வெப்பமானியை எடுத்து வையுங்கள்.